புதுக்கோட்டையை எத்தனை விதமாக எழுதலாம்? பெயர்களைப் பொருத்திப் பார்க்கும் கணினி முறைகளின் கதை



நம்ம ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதுவோம். மிஞ்சிப்போனால் நடுவில் இருக்கும் 'க்' காணாமல் போகும். அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள், வேடிக்கை ஆரம்பமாகும். ஒருவர் ஒரு 'கே' போடுவார், இன்னொருவர் இரண்டு. கோட்டைக்கு ஒருவர் ஒற்றை 'டி' போடுவார், இன்னொருவர் இரட்டை. கடைசியில் ஏ-ஐ என்று முடிப்பவரும் உண்டு, வெறும் ஏ என்று முடிப்பவரும் உண்டு, ஏ-எச் என்று முடிப்பவரும் உண்டு. வெள்ளைக்காரர்கள் காலத்துக் கடிதங்களில் இந்த ஊர் 'பூடூகாட்டா' என்று வாசிக்கும்படியாகவும், 'புடுகோட்டா' என்று வாசிக்கும்படியாகவும் இருக்கிறது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. 1915-ல் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மெல்போர்னில் திருமணம் செய்துகொண்டார். ஆஸ்திரேலியப் பத்திரிகைகளுக்கு அது பெரிய செய்தி. அந்தப் பழைய பத்திரிகைகளை ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 'ட்ரோவ்' என்ற தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆனால் இன்று அரசாங்கம் எழுதும் முறைப்படி இரண்டு கே, இரண்டு டி போட்டுத் தேடினால், 'புடுகோட்டா ராஜா' என்று அச்சான செய்திகள் நம் கையில் சிக்காமல் போய்விடும். செய்தி அங்கேயேதான் இருக்கும். தேடுகிறவருக்கு மட்டும் அது இல்லாத மாதிரி.

எழுத்து மாறினாலும் ஆள் ஒன்றுதான், ஊர் ஒன்றுதான் என்பதை ஒரு இயந்திரத்துக்கு எப்படிப் புரிய வைப்பது? இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. கணினி பிறப்பதற்கு முன்பே இது பிறந்துவிட்டது. அந்த வரலாற்றைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

1918: அட்டைப் பெட்டிக்கு ஒரு எண்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ராபர்ட் ரஸ்ஸல் 1918-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். பெயர்களை எழுத்து வரிசைப்படி அடுக்காமல் ஒலி வரிசைப்படி அடுக்கும் முறை அது. மார்கரெட் ஓடெல் என்பவரும் இதில் அவரோடு சேர்ந்து உழைத்தவர். 'சவுண்டெக்ஸ்' என்று இதற்குப் பெயர். பின்னாளில் நிலைபெற்ற வடிவத்தில் அதன் விதிகள் இவ்வளவுதான்:

1. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்.
2. மற்றவற்றில் உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் ஆகியவற்றையும் தள்ளிவிடு.
3. மிச்சம் இருக்கும் எழுத்துகளுக்கு எண் கொடு. உதட்டில் பிறக்கும் பி (இரண்டு பி-யும்), எஃப், வி எல்லாம் 1. சி, ஜி, ஜே, கே, க்யூ, எஸ், எக்ஸ், இசட் எல்லாம் 2. டெல்லிக்குப் போடும் டி-யும் டீக்குப் போடும் டி-யும் 3. எல் 4. எம், என் இரண்டும் 5. ஆர் 6.
4. ஒரே எண் அடுத்தடுத்து ஒட்டி வந்தால் ஒன்றாக்கு.
5. மூன்று எண் வந்ததும் நிறுத்து. குறைந்தால் சைபர் போட்டு நிரப்பு.

ஒரு சின்ன சுவாரசியம். ஆங்கிலத்தின் இரண்டு 'பி'யையும் இரண்டு 'டி'யையும் தமிழில் எழுதினால் வித்தியாசம் தெரியாது. சவுண்டெக்ஸும் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. நம் எழுத்து முறை பல நூற்றாண்டுகளாகச் செய்துவருவதை அவர்கள் 1918-ல் கண்டுபிடித்தார்கள் என்று பெருமை அடித்துக்கொள்ளலாம் :-)

இந்த முறை பெரிய அளவில் பயன்பட்டது 1930-களில். அமெரிக்காவில் 1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதியோருக்கு ஓய்வூதியம் உண்டு, ஆனால் வயதை நிரூபிக்க வேண்டும். பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஆனால் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளில் அவர்கள் சிறு குழந்தைகளாகப் பதிவாகியிருந்தார்கள். கணக்கெடுக்க வந்தவரோ காதில் விழுந்தபடி பெயரை எழுதிக்கொண்டு போனவர். போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பெயர்கள் அவர் கையில் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் 1880, 1900, 1920 கணக்கெடுப்புகளிலிருந்து பெயர்களை எடுத்து, அட்டைகளில் எழுதி, சவுண்டெக்ஸ் எண்படி அடுக்கினார்கள். வேலையில்லாதவர்களுக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின் கீழ் வந்த எழுத்தர்கள் கையாலேயே செய்த வேலை இது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அந்த அட்டையில் எண் மட்டும் இல்லை. முழுப்பெயர், வயது, பிறந்த இடம், வசித்த ஊர், வீட்டில் இருந்த மற்றவர்கள் என்று எல்லாம் இருந்தன. எண்ணைக் கொண்டு சரியான அட்டைக் கட்டுக்குப் போவார்கள். அதன் பிறகு ஒவ்வொரு அட்டையாகப் படித்து "இவர்தான் அவர்" என்று முடிவு செய்தது ஒரு மனிதர்.

நம் பெயர்களில் போட்டுப் பார்ப்போம்

புதுக்கோட்டைக்கு வருவோம். இன்றைய அரசு எழுத்தில் முதல் எழுத்து பி. பிறகு டி 3, கே 2, டி 3. ஆக பி-323. வெள்ளைக்காரர்களின் 'பூடூகாட்டா'வில் கே-க்குப் பதில் சி. அதுவும் 2-தான். ஆகவே பி-323. 'புடுகோட்டா'வும் பி-323. மூன்றும் ஒரே பெட்டியில் வந்து விழுகின்றன! தொண்டைமான் என்ற பெயரை எச் போட்டு நீட்டி எழுதினாலும், எச் இல்லாமல் 'டோண்டிமன்' என்று பழைய ஆவணங்களில் இருப்பதுபோல் எழுதினாலும் டி-535. திருமயம், திருமெய்யம் இரண்டுக்கும் டி-655.

இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று ஒரு தீவு, பிரான்சின் ஆட்சியில் இருப்பது. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏராளமான தமிழர்கள் அங்கே போனார்கள். பிரெஞ்சு எழுத்தர்கள் அவர்கள் பெயர்களைத் தங்கள் காதுக்கும் எழுத்துக்கும் ஏற்ப எழுதினார்கள். அந்தப் பெயர்களே குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. முத்துசாமி 'மூத்தூசமி' ஆனார். வீரப்பிள்ளை 'விரபுல்லே' ஆனார். ராமசாமி அங்கே இரண்டு எஸ் போட்டு 'ரமஸ்ஸமி'. பக்கத்தில் மொரீஷியஸில் அவரே 'ராம்சமி'. இவற்றையும் போட்டுப் பார்க்கலாம். முத்துசாமி நாம் எழுதும் ஆங்கிலத்தில் எம்-325, ரீயூனியன் எழுத்திலும் எம்-325. வீரப்பிள்ளை இரண்டு பக்கமும் வி-614. ராமசாமி மூன்று விதத்திலும் ஆர்-525. நூற்றைம்பது ஆண்டுகளும் ஒரு கடலும் தாண்டி எண் மட்டும் மாறவில்லை. ஐரோப்பியப் பெயர்களுக்காகச் செய்த விதி நம் பெயர்களுக்கு இவ்வளவு தூரம் வேலை செய்வது உண்மையிலேயே ஆச்சரியம்தான்.

எங்கே சறுக்குகிறது?

நம் மாவட்டத்தில் கந்தர்வகோட்டை இருக்கிறது. ஆங்கிலத்தில் ஜி போட்டும் எழுதலாம், கே போட்டும் எழுதலாம். தமிழில் ஒரே 'க'தான் இரண்டு ஒலிக்கும். சவுண்டெக்ஸ் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால் ஒன்று ஜி-536, மற்றது கே-536. எண்கள் ஒன்று, பெட்டி வேறு. சித்தன்னவாசலை எஸ் போட்டு எழுதினால் எஸ்-351, சி-எச் போட்டு எழுதினால் சி-351. இதிலும் அதே கதை.

அடுத்தது நம் 'ழ'. அதை எல் என்று எழுதுவோர் உண்டு, இசட்-எச் என்று எழுதுவோர் உண்டு. எல் 4, இசட் 2. விளைவு? 'தமிழ்' என்ற சொல்லே பழைய முறையில் டி-540, புதிய முறையில் டி-520. தமிழும் தமிழும் வேறு வேறு என்கிறது இயந்திரம்!

இதற்கு நேர் எதிரான சறுக்கலும் உண்டு. எம், என் இரண்டுக்கும் ஒரே எண் என்பதால் ராம், ராணி இருவருக்கும் ஆர்-500. ராஜாவும் ரோஜாவும் ஆர்-200. முத்துவும் மதியும் எம்-300. சேர வேண்டியவற்றைப் பிரிப்பது ஒரு தவறு, பிரிய வேண்டியவற்றைச் சேர்ப்பது இன்னொரு தவறு. வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் குப்பையும் சேர்ந்து வரும், பெரிதாக்கினால் மீனே தப்பிவிடும். பிறகு வந்த எல்லா முறைகளும் இந்த இரண்டுக்கும் நடுவில் இழுபறி செய்தவைதான்.

1985-ல் கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பப் பெயர்களுக்காக டைட்ச், மொகோடாஃப் என்ற இருவர் ஒரு முறை செய்தார்கள். அதில் முதல் எழுத்துக்கும் எண் உண்டு. ஒரு பெயருக்கு இரண்டு உச்சரிப்பு சாத்தியம் என்றால் இரண்டு எண்ணும் கொடுக்கும். 1990-ல் லாரன்ஸ் பிலிப்ஸ் 'மெட்டாஃபோன்' செய்தார். அது ஆங்கில உச்சரிப்பு விதிகளை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. அவரவர் மொழிக்கு அவரவர் விதி எழுத வேண்டும் என்பதுதான் இவற்றில் நாம் கவனிக்க வேண்டிய பாடம்.

இரண்டு சொற்களுக்கு நடுவே எத்தனை அடி?

ஒலியை விட்டுவிட்டு, எழுத்துப் பிழையை எண்ணிப் பார்க்கும் வழி ஒன்றும் 1960-களில் வந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஃப்ரெட் டேமரா 1964-ல் ஒரு கட்டுரை எழுதினார். எழுத்துப் பிழைகளில் 80 சதவீதத்துக்கு மேல் நான்கே வகை என்றார்: ஒரு எழுத்து விட்டுப்போவது, ஒரு எழுத்து கூடுதலாக வருவது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வருவது, பக்கத்து எழுத்துகள் இடம் மாறுவது. ரஷ்யாவின் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-ல் வேறொரு தேவைக்காக, அதாவது செய்தி அனுப்பும்போது நேரும் பிழைகளைத் திருத்துவதற்காக, இதே போன்ற ஒரு கணக்கை வகுத்தார். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்றக் குறைந்தபட்சம் எத்தனை திருத்தம் தேவையோ, அதுவே அவற்றுக்கு இடையே உள்ள தூரம். 'லெவன்ஷ்டைன் தூரம்' என்று இன்றும் பாடப்புத்தகங்களில் படிக்கிறோமே, அதுதான். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள், மரபணு வரிசைகளை ஒப்பிடும் முறைகள், தேடுபொறி "நீங்கள் தேடியது இதுவா?" என்று கேட்பது என எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தக் கணக்கின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

இதையும் நம்ம ஊரில் போட்டுப் பார்த்துவிடுவோம். 'புதுக்கோட்டை' ஆறு எழுத்து: பு, து, க், கோ, ட், டை. இதைப் 'பட்டுக்கோட்டை' ஆக்க மூன்று திருத்தம் போதும். 'தேவகோட்டை' ஆக்கவும் மூன்றே திருத்தம். சரி, நாம் தினமும் சொல்லும் 'புதுகை' ஆக்க? நான்கு திருத்தம்! அதாவது கணினியின் கணக்கில் புதுகையைவிடப் பட்டுக்கோட்டையும் தேவகோட்டையும்தான் புதுக்கோட்டைக்கு நெருக்கம். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் எவரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் :-)

காரணம் எளிது. புதுகை எழுத்துப் பிழை இல்லை. அது மரூஉ. தஞ்சாவூர் தஞ்சை ஆனதுபோல, கோயம்புத்தூர் கோவை ஆனதுபோல. பிழையை அளக்கும் கோலை வைத்து வழக்கை அளக்கக் கூடாது.

நம் இலக்கணத்தில் இது புதிதா?

இல்லை என்பதுதான் சுவையான விஷயம். பள்ளியில் 'போலி' படித்தோமே, நினைவிருக்கிறதா? சொல்லில் ஒரு எழுத்து வரும் இடத்தில் இன்னொரு எழுத்து வந்தாலும் பொருள் மாறாமல் இருப்பது போலி. மஞ்சு, மைஞ்சு முதற்போலி. அரயர், அரையர் இடைப்போலி. நிலம், நிலன் கடைப்போலி. பந்தல், பந்தர் கூட அதுதான். நன்னூல் இதற்கு விதி வகுத்து, எந்த இடத்தில் எது எதற்குப் பதிலாக வரலாம் என்று சொல்லிவைத்தது. நிரல் எழுதுகிறவர் கண்ணுக்கு இது நேரடியாக ஒரு விதிப் பட்டியல். எல்லா மாற்றமும் சமம் என்று லெவன்ஷ்டைன் எண்ணுகிறது. சில மாற்றம் பொருளைத் தொடாது, சில மாற்றம் பொருளையே புரட்டிவிடும் என்கிறது இலக்கணம். 'அறம்', 'அறன்' ஒன்றுதான். 'அறம்', 'அரம்' வேறு. தூரம் என்று பார்த்தால் இரண்டுமே ஒன்றுதான்! பள்ளிக்கும் பல்லிக்கும் கூட இரண்டே இரண்டு அடிதான் தூரம்.

வீரமாமுனிவர் 1732-ல் முடித்த சதுரகராதியில் நான்கு பகுதிகள்: பெயர், பொருள், தொகை, தொடை. கடைசிப் பகுதியில் எதுகை ஒலிக்கும் சொற்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். செய்யுள் எழுதுவோருக்காகச் செய்தது. ஆனால் ஒலியை வைத்துச் சொற்களை அடுக்கலாம் என்ற எண்ணம் ரஸ்ஸலின் காப்புரிமைக்கு 186 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

கல்வெட்டு வாசிக்கிறவரின் சிக்கல்

புதுக்கோட்டை மாவட்டம் கல்வெட்டுகளுக்குப் பேர்போனது. குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம், கொடும்பாளூர் என்று எங்கே திரும்பினாலும் எழுத்து. சமஸ்தானமாக இருந்தபோதே, 1929-ல், புதுக்கோட்டை அரசு தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளின் மூலப் பாடங்களைப் புத்தகமாக அச்சிட்டது.

இந்தக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. 'கல' என்று செதுக்கியிருந்தால் அது 'கல்'லா, 'கல'வா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எகர ஏகாரமும், ஒகர ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். 'கொடி'யும் 'கோடி'யும் கண்ணுக்கு ஒன்றுதான். அதாவது சவுண்டெக்ஸ் செய்யும் வேலையை எழுத்து முறையே செய்துவைத்திருக்கிறது. பல சொற்கள் ஒரே வடிவத்தில் ஒளிந்திருக்கும், படிப்பவர்தான் பிரித்தெடுக்க வேண்டும். சித்தன்னவாசல் குகையில் உள்ள தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டில் வரும் நாட்டின் பெயர் முன்பு 'எஓமி நாடு' என்று வாசிக்கப்பட்டது. பின்னர் ஐராவதம் மகாதேவன் அதை 'எருமி நாடு' என்று வாசித்தார். ஓரெழுத்தை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு நாடே இடம் மாறிவிடும்.

கல்வெட்டுக்குக் கணினி வந்த கதையும் பழையதுதான். ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் திரட்டி, கணினியின் துணையோடு தொகுத்து, 1978-ல் மூன்று தொகுதிகளாக மதுரையிலிருந்து வெளியிட்டார்கள். அப்போது நம்மில் யாருடைய வீட்டிலும் கணினி கிடையாது! பெயர்களை இப்படித் தொகுத்ததால்தான் 'மூவேந்தவேளான்', 'பல்லவரையன்' போன்ற பட்டங்கள் எந்தக் காலத்தில், எந்தப் பகுதியில், யாருக்குக் கிடைத்தன என்று பார்க்க முடிந்தது. சோழ அரசில் அதிகாரிகள் எப்படி உருவானார்கள் என்ற பெரிய கேள்விக்கு இந்தச் சின்னப் பெயர்கள் பதில் கொடுத்தன.

அங்கே இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. 'ராஜராஜ மூவேந்தவேளான்' என்று இரண்டு கல்வெட்டில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் இருவரும் ஒரே ஆள் என்று சொல்லிவிட முடியாது. அது பட்டப்பெயர். பலருக்கு இருந்திருக்கலாம். ஊர், ஆண்டு, பக்கத்தில் வரும் மற்ற பெயர்கள் எல்லாம் பார்த்தே முடிவு கட்ட வேண்டும். தூரம் சைபராக இருந்தாலும் ஆள் வேறாக இருக்கலாம்!

தமிழ் எழுத்தும் கணினி எழுத்தும்

யூனிகோடில் 'கோ' என்பது ஒரு எழுத்து இல்லை. 'க' ஒரு குறி, ஓகாரக் குறி இன்னொன்று. அந்த ஓகாரத்தையே ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கணினிக்கு உள்ளே வேறு. அதனால் பொருத்திப் பார்க்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். திருத்தத் தூரத்தையும் குறிகளை வைத்து எண்ணினால் ஒரு விடை, நாம் எண்ணும் எழுத்துகளை வைத்து எண்ணினால் இன்னொரு விடை. மேலே பார்த்த புதுக்கோட்டை, புதுகை தூரம் எழுத்துக் கணக்கில் 4, குறிக் கணக்கில் 6.

இதற்கும் வேலை நடந்திருக்கிறது. 'ஓப்பன் தமிழ்' என்ற திறமூல நிரல்தொகுப்பு தமிழ்ச் சொல்லை முறையாக எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கிறது. கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினரின் 'சில்பா' திட்டத்தில் இந்திய மொழிகளுக்கான சவுண்டெக்ஸ் ஒன்று உண்டு. யூனிகோடில் இந்திய மொழிகளின் எழுத்துகள் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால் ஒரு மொழியில் எழுதிய பெயரை இன்னொரு மொழியில் எழுதியதோடு ஒப்பிட முடிகிறது. ஆங்கிலத்தை நடுவில் இழுக்காமலே!

சரி, இதனால் நமக்கு என்ன?

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் ஆணையை வெளியிட்டது. கோயம்புத்தூர் கே-யில் தொடங்கி நீளமாக வந்தது. கேலியும் குழப்பமும் எழ, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. வேடிக்கை என்னவென்றால் பழைய எழுத்துக்கு சவுண்டெக்ஸ் சி-513, புதிய எழுத்துக்கு கே-513. ஒலியில் அவ்வளவு நெருக்கம். ஆனால் சான்றிதழ், பத்திரம், வங்கிக் கணக்கு எல்லாம் ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கின்றன. எதிர்ப்பில் ஒரு நியாயம் அங்கேதான் இருந்தது.

ஊருக்கே இப்படி என்றால் ஆளுக்கு? 2017-ல் பான் எண்ணையும் ஆதாரையும் இணைக்கச் சொன்னபோது, இரண்டிலும் பெயர் கொஞ்சம் மாறியிருந்தால் கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணால் சமாளிக்கலாம், முழுக்க மாறியிருந்தால் ஏதாவது ஒன்றைத் திருத்திக்கொண்டு வர வேண்டும் என்றார்கள். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு 'முழுக்க மாறுவது' ரொம்ப சுலபம். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக. ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கு வீடு தேடினார்கள். 'கருப்பையா' என்று தேடி, பட்டியலில் 'கறுப்பையா' என்று இருந்தால்? ஒரே ஒரு அடி தூரம். ஆனால் நடுவில் நிற்பது ஓட்டு.

இங்கேதான் அந்த 1930-களின் அட்டைப் பெட்டி நினைவுக்கு வர வேண்டும். சவுண்டெக்ஸ் எண் ஒரு தீர்ப்பாக ஒருபோதும் இருந்ததில்லை. எந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டுமே அது சொன்னது. தீர்ப்பு சொன்னது, வயதையும் ஊரையும் வீட்டில் இருந்தவர்களையும் சேர்த்துப் படித்த எழுத்தர். கல்வெட்டு ஆய்வாளர்கள் செய்ததும் அதையேதான். இன்று நாம் எண்ணை வேகமாகப் போடக் கற்றுக்கொண்டோம், எழுத்தரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். "பெயர் பொருந்தவில்லை" என்று திரையில் வந்துவிட்டால் அதுவே முடிவு என்று ஆகிவிடுகிறது. பெயர் பொருந்தவில்லை என்பதற்கு "இன்னும் கொஞ்சம் பார்" என்றுதான் அர்த்தம். "நீ அவனில்லை" என்று அர்த்தம் கிடையாது. அதேபோல் பெயர் பொருந்திவிட்டது என்பதற்காக ராணியின் கணக்கை ராமிடம் கொடுத்துவிடவும் கூடாது.

ஆகவே நிரல் எழுதப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்ப் பெயர்களைப் பொருத்த நேர்ந்தால் ல, ள, ழ குழப்பத்துக்கும் ர, ற குழப்பத்துக்கும் குறைந்த மதிப்பெண் குறையுங்கள். இனிஷியல் இடம் மாறுவதைப் பிழையாக எண்ணாதீர்கள். போலிக்கும் மரூஉவுக்கும் தனிப் பட்டியல் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தேகமான பொருத்தங்களை ஒரு மனிதர் பார்ப்பதற்கு வழி விடுங்கள்.

நிரல் எழுதாத நண்பர்களுக்கு: வீட்டில் இருக்கும் எல்லா ஆவணங்களையும் எடுத்து, தாத்தா பாட்டி பெயர்கள் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும். நாளைக்கு ஏதாவது ஒரு பழைய பட்டியலில் அவர்களைத் தேட வேண்டிவந்தால் அந்தத் தாள் எந்த மென்பொருளையும்விட நன்றாக வேலை செய்யும்.

உங்கள் ஊர்ப் பெயருக்கு விசித்திரமான பழைய ஆங்கில எழுத்து ஏதாவது தெரியுமா? சொல்லுங்கள், சவுண்டெக்ஸ் போட்டுப் பார்த்துவிடுவோம்!